எழுதாத நடவழி

முப்பத்தாறு வருடம் சிவதாணு பிள்ளை பிறருடைய வீடுகளையும் நிலங்களையும் எழுத்தில் கைமாற்றிக் கொடுத்தார். கிரயப் பத்திரத்துக்குத் திருவனந்தபுரத்தில் ஆதாரம் என்று பெயர். எழுதுகிறவர் ஆதாரம் எழுத்துக்காரர். சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசுக்கு எதிரில் ஒரு மாடிப்படியின் அடியில் அவருடைய மேஜை கிடந்தது. நாஞ்சில் நாட்டில் பிறந்த தமிழர்தான். ஆனாலும் அவர் எழுதிய மலையாள ஆதாரத்தில் வக்கீல்களால் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது என்று ஆரியசாலை வியாபாரிகளுக்குள் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை மற்றவர்களைவிட அவர் சற்று அதிகமாகவே நம்பினார். சொந்தக்காரர்கள் கொண்டுவரும் கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தனுப்புகிற மனிதர். அவரை மதித்தவர்கள் பலர். அவரோடு உட்கார்ந்து சிரித்தவர்களை எண்ண ஒரு கையின் விரல்கள் அதிகம்.

மேஜைக்கு வருகிறவர்கள் அண்ணன் தம்பிகளாக இருக்கலாம், மாமன் மச்சானாக இருக்கலாம். "அதெல்லாம் எங்களுக்குள்ள பேசியாச்சு சாரே, எழுதாண்டாம்" என்று யாராவது ஆரம்பித்தால் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

"வாய்ச்சொல்லுக்கு நாலெல்லை கிடையாது, கேட்டோ. எழுதணும். எழுத மனசில்லைன்னா எந்திரிச்சுப் போலாம்."

இப்படிப்பட்டவர் தம் சொந்த வீட்டின் ஆதாரத்தில் வழியை எழுதாமல் விட்டிருந்தார்.

வீடு கரமனைக்குப் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ரோட்டை ஒட்டிச் சற்குணத்தின் வீடு. அதன் அடுக்களைச் சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவே நாலரை அடி அகலத்தில் அறுபது காலடி நடந்தால் சிவதாணு பிள்ளையின் வாசல். ஸ்கூட்டர் போகும், ஆட்டோ போகாது.

சாலைக் கடைத்தெருவில் பூட்டும் கீலும் ஆணியும் விற்றுக்கொண்டிருந்தவர் சற்குணம். களியக்காவிளைப் பக்கத்துக் கிறிஸ்தவர். கடை வாடகைச் சீட்டு எழுத வந்த இடத்தில் பழக்கமாகி, தினம் மாலை ஒன்றாகச் சாயா குடிக்கிற அளவுக்கு நெருங்கியவர். சிவதாணு பிள்ளையை "டே" என்று கூப்பிட்ட ஒரே மனிதர். அவர்தான் தொண்ணூற்றொன்றாம் வருடம் தம் வீட்டுக்குப் பின்னால் தனியாக வாங்கிப் போட்டிருந்த ஏழு சென்ட்டை இவருக்கு விற்றார். முன்பக்கத்து நிலம் அப்பன் வழி வந்தது. அதில் வித்துராவில் கட்டிக்கொடுத்த தங்கைக்கும் பங்கு உண்டு. அந்தச் சமயம் அண்ணனும் தங்கையும் முகம் பார்ப்பதில்லை. அவள் கையெழுத்து இல்லாமல் முன்பக்கத்து வழியை எழுத முடியாது. பின்னால் தோடு என்று அங்கே சொல்கிற ஓடையின் கரையில், ஓர் ஆள் நடக்கிற அகலத்தில், பக்கத்துச் சந்துக்குப் போகும் வரம்பு ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் தவளைகள்கூட யோசிக்கிற வழி. அதையே வழியாக ஆதாரத்தில் எழுதினார் சிவதாணு பிள்ளை. நடவழியைப் பிறகு சேர்த்துக்கொள்வதாகப் பேச்சு.

இரண்டு வருடம் கழித்துத் தங்கை சமாதானமாகிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்று மாலை கிணற்றடியில் நின்று சற்குணம் கேட்டார். அவர் மனைவி ஓமனா தண்ணீர் கோரிக்கொண்டிருந்தாள்.

"டே சிவதாணு, தங்கச்சி ஒப்புப் போட்டாச்சு. இனி அந்த வழிய எழுதிப்போடலாமா?"

"நமக்குள்ள எதுக்குடே எழுத்து?"

தம் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வரும் என்று அவரே எதிர்பார்த்திருக்கவில்லை. செலவு மிச்சம் என்று ஓர் ஓரத்தில் தோன்றியது உண்மை. ஆனால் அது மட்டும் காரணமில்லை. நாள் முழுக்க, கூடப்பிறந்தவனை நம்பாதவர்களின் நடுவே உட்கார்ந்து எழுதிவிட்டு வருகிறவருக்கு, சர்வே நம்பரும் சாட்சியும் இல்லாத ஒரு பொருள் தமக்கென்று வேண்டியிருந்தது. அதை நட்பு என்று அவர் நினைத்தார். அதில் கொஞ்சம் ஆடம்பரமும் இருந்தது.

சற்குணம் சிரித்துவிட்டார். "ஊரெல்லாம் எழுது எழுதுன்னு வெரட்டுத ஆளு. சரி, நட. என் முற்றத்துல நீ சாவுற வரைக்கும் நட. உனக்க பிள்ளையளும் நடக்கட்டு."

"நல்ல ஆசீர்வாதம்" என்று ஓமனா வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு அந்த வழியைப் பற்றி யாரும் பேசவில்லை. சற்குணம் இறந்து ஆறு வருடமாகிறது. சவப்பெட்டியும் அந்த முற்றத்திலிருந்துதான் புறப்பட்டது. சிவதாணு பிள்ளை முன்னால் ஒரு கை கொடுத்தார்.

பிறகு அவர் மனைவி பகவதியம்மாளின் சிறுநீரகங்கள் வேலையை நிறுத்தின. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். முழங்காலும் போய்விட்டதால் அந்த அறுபது காலடிக்கு அவளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்க வேண்டும். ஒரு பக்கம் ஆட்டோக்காரர், மறுபக்கம் எழுபத்திரண்டு வயதுக் கணவர். ஜூன் மழையில் ஒரு நாள் கிணற்றடியில் அவர் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்து பகவதியம்மாளின் தோள் கிணற்றுச் சுவரில் மோதியது. ஓமனா ஓடி வந்து தாங்கியிராவிட்டால் தலையும் மோதியிருக்கும்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பகவதியம்மாள் சொன்னாள்.

"இஞ்சேருங்க, சீக்கு கொல்லட்டும், அது அதுக்க வேலை. இந்த நாற்காலியில வச்சு நீங்க கொல்லாண்டாம். ரோட்டோரத்துல ஒரு அறை போதும் எனக்கு."

ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் தரைத்தளத்தில் ஒரு சின்ன பிளாட் விலைக்கு இருந்தது. வாசல் வரை வண்டி வரும். அதன் உடமஸ்தர் மூன்று மாதம் பொறுப்பதாகச் சொன்னார். இந்த வீடு போனால்தான் அது கிடைக்கும். கொல்லத்தில் இருக்கும் மகள் ஸ்மிதா தனக்குத் தெரிந்த புரோக்கர் ஒருவரின் நம்பரை அனுப்பினாள்.

பிரவின்ராஜ் வந்தான். முப்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை, கையில் இரண்டு போன். பாறசாலைக்காரன் என்பதால் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். வீட்டைச் சுற்றி வந்து வீடியோ எடுத்தான்.

"சாரே, ஆளுகளை நான் காலம்பற பத்து மணிக்குத்தான் கூட்டிட்டு வருவேன். உச்சைக்கு மேல தோடு நாறும். பின்னே, இந்தப் பிளாஸ்டிக் கசேரைய எடுத்து மாத்தணும். நோயாளி இருந்த வீடுன்னு தெரிஞ்சா ஆளு வெலையக் கொறைப்பான்."

"இருந்த வீடு இல்லடே. இருக்குத வீடு."

உள்ளேயிருந்து பகவதியம்மாளின் குரல் வந்தது. "என்னையும் எடுத்து எங்கயாவது ஒளிச்சு வைக்கணுமான்னு கேளுங்க."

"அம்மைய ஒளிச்சு வைக்க இடமில்லாத வீடுன்னு விளம்பரத்துல போட முடியாதே அம்மா" என்றான் பிரவின்ராஜ். அவள் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள் என்பதைச் சிவதாணு பிள்ளை கவனித்தார். அதனால் அவனை அவருக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது.

"வழி எத்தனை அடி, சாரே? ஆதாரத்துல எங்ஙனெ காணுது?"

இரண்டு கேள்விகள். சிவதாணு பிள்ளை முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். "நாலரை."

பிரவின்ராஜ் குறித்துக்கொண்டான். ஆதாரம் எழுத்துக்காரருடைய சொந்த வீட்டில் இரண்டாவது கேள்வியைத் திரும்பக் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்காரர்கள் வீட்டில் இருந்தால் விலை படியாது என்பது அவனுடைய அனுபவம். ஆள் வரும் நாட்களில் சிவதாணு பிள்ளை கரமனை ஆற்றுப் பாலத்தில் போய் நிற்பார். பகவதியம்மாள் போர்த்திக்கொண்டு தூங்குவதுபோலக் கிடப்பாள். ஐந்தாவதாக வந்த ஆனந்தகிருஷ்ணனுக்கும் ஜானவிக்கும் வீடு பிடித்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஆபீஸ் வேலை, ஆளுக்கொரு ஸ்கூட்டர், கார் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. அட்வான்ஸ் கொடுத்தார்கள். மீதிக்கு வங்கிக் கடன்.

பத்து நாள் கழித்து ஆதாரத்தின் நகலோடு பிரவின்ராஜ் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"சாரே, இது நீங்க எழுதின ஆதாரந்தானே?"

"ஆமா."

"ஒண்ணுரெண்டு எழுத்தல்ல, ஒரு வழியே காணல. பேங்க் வக்கீல் கேக்குதாரு. ஆதாரப்படி இந்த வீட்டுக்கு வழி பின்னால தோட்டு வரம்பாக்கும். அப்போ நான் அஞ்சு ஆளைக் கூட்டிட்டு வந்தது யாருக்க முற்றத்து வழியா?"

"சற்குணத்துக்க முற்றம்."

"அவரு எழுதித் தந்திருக்காரா?"

"இல்ல. சொல்லியிருக்காரு."

பிரவின்ராஜ் அவரை ஒரு நிமிஷம் பார்த்தான். அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சாரே, எனக்க அப்பனுக்க ஆதாரத்தை நீங்கதான் எழுதினீங்க. வழிய எழுதாம ஒப்பு வைக்க மாட்டேன்னு சண்டை போட்டீங்கன்னு அவரு இப்பவும் சொல்லுவாரு. போவட்டு. அந்தம்மையப் போய்ப் பாருங்க. வீட்டைப் பாக்குததுக்கு முன்னால வழியப் பாக்கணும்ங்கத நானும் மறந்துட்டேன்."

அன்று மாலை ஓமனாவைப் பார்க்கப் போனார். அவள் அடுக்களைப் படியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தொலித்துக்கொண்டிருந்தாள். முக்காலியைக் காலால் நகர்த்தி, "இரியுங்க அண்ணே" என்றாள். அவர் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை.

"நாட்டுக்கெல்லாம் எழுதினீங்க. உங்களுக்கு எழுதல. அன்னைக்கு அவரு கேட்டாரே, நான் தண்ணி கோரிட்டு நின்னேன். நமக்குள்ள எதுக்குடேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எனக்க பய அஜினுக்கு இந்த வீட்டை இடிச்சுட்டு வாடகைக்கு விடுத மாதிரி நாலு வீடு கெட்டணும். ரெண்டு வருசமா ஷார்ஜாவுலேருந்து விளிக்குதான். பிளான் எல்லாம் வச்சிருக்கான். அந்த வழி போனாத்தான் நாலு வீடு வரும், இல்லன்னா மூணு. சிவதாணு அண்ணன் இருக்குத வரைக்கும் ஒரு செங்கல்லு வைக்காண்டாம், அப்பனுக்க வாக்காக்கும்னு நான்தான் அவனைப் பிடிச்சு வச்சிருக்கேன்." தொலித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "அண்ணனும் மதினியும் நடங்க. எத்தனை வருசம்னாலும் நடங்க. வாங்குதவனுக்கு அது இல்ல. அவரு வாக்குக் குடுத்தது உங்களுக்கு. ஊருல போறவனுக்கு இல்ல."

அவள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்தது. சாயா போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தார்.

பிரவின்ராஜ் அவரை ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனான். வயது குறைந்தவர், நிதானமானவர். ஆதாரத்தைப் படித்துவிட்டு அவர் கேட்டார்.

"எத்தனை வருடமாக அந்த வழியில் நடக்கிறீர்கள்?"

"முப்பத்திமூணு."

"யாராவது தடுத்தார்களா?"

"இல்ல."

"யாரிடமாவது அனுமதி கேட்டு நடந்தீர்களா?"

சிவதாணு பிள்ளைக்கு அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று தெரியும். ஒருவர் நிலத்தில் இன்னொருவர் இருபது வருடம், ஒளிவுமறைவில்லாமல், இது என் வழி என்கிற எண்ணத்தோடு நடந்திருந்தால் அது உரிமையாகிவிடும். அனுமதி பெற்று நடந்திருந்தால் நூறு வருடம் நடந்தாலும் உரிமையாகாது. எத்தனையோ கட்சிக்காரர்களுக்கு அவரே இதை விளக்கியிருக்கிறார். அப்போதெல்லாம் இது வெறும் விதியாகத்தான் இருந்தது. இப்போதுதான் அதன் முகம் தெரிந்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டவனுக்கு ஒன்றும் இல்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டவனுக்கு எல்லாம் உண்டு. சட்டத்தைக் குறை சொல்லவும் முடியாது. விட்டுக்கொடுத்ததெல்லாம் பறிபோகும் என்றால் எவர் எவரைத் தம் முற்றத்தில் நடக்க விடுவார்? சட்டம் ஓமனாவைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறது. ஆனால் அது காப்பாற்ற வேண்டுமென்றால் ஒருவர் உண்மை பேச வேண்டும்.

"அனுமதி கொடுத்ததற்கு எழுத்து எதுவும் இல்லையே?" என்றார் வக்கீல்.

"இல்ல."

"அப்படியானால் கேஸ் வரைக்கும் போகாது. நோட்டீசோடு உங்கள் சத்தியவாக்குமூலத்தையும் அனுப்புவோம். மகன் கட்டடம் கட்டப் பார்க்கிறார் என்கிறீர்கள். வழக்கு என்று வந்தால் பெர்மிட்டும் கிடைக்காது, லோனும் கிடைக்காது. அவர்களே இறங்கி வந்து எழுதித் தருவார்கள்."

அனுமதி கொடுத்தவர் செத்துப்போனார். அதைக் காதால் கேட்ட ஓமனாவோ இப்போது எதிர்க்கட்சி; அவள் சொல் எடுபடாது. அந்த அனுமதிக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி சிவதாணு பிள்ளைதான்.

வாக்குமூலத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மோசமான நடை. சர்வே நம்பர் ஒன்றில் ஓர் இலக்கம் தவறு. வடக்கு என்று இருக்க வேண்டிய இடத்தில் கிழக்கு. கை தன்னையறியாமல் சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்திக்கொண்டே போனது. நாலாவது பத்தியில் நின்றது. 'மேற்படி வழியை நான் எவருடைய அனுமதியும் பெறாமல், என் சொந்த உரிமையாகக் கருதி, முப்பத்து மூன்று ஆண்டுகளாக உபயோகித்து வருகிறேன்.' அந்த வாக்கியத்தில் மட்டும் பிழை ஒன்றும் இல்லை.

பகவதியம்மாள் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன எழுதியிருக்கு?"

வாசித்துக் காட்டினார்.

"இப்படி எழுதினாத்தான் வீடு விக்குமா?"

"இப்படி எழுதினாத்தான் வழி கிடைக்கும். வழி கிடைச்சாத்தான் விக்கும்."

"சற்குணம் அண்ணன் வாக்குச் சொன்னது எனக்கும் தெரியும். நீங்க அன்னைக்கே வந்து பெருமையாச் சொன்னீங்க."

"உனக்காகத்தானேட்டி நான்..."

"அது மட்டும் வேண்டாம்." குரல் உயரவில்லை. "ஒப்புப் போடுங்க, போடாம இருங்க. நான் போடாதேன்னு சொல்ல மாட்டேன், அந்த அளவுக்கு நல்லவ இல்ல நான். எனக்கும் அந்த பிளாட்டு வேணும். ஆனா எனக்க பேரைச் சொல்லிப் போடாண்டாம். போடுததுன்னா உங்களுக்குன்னு போடுங்க."

மறுநாள் டயாலிசிஸ். காலையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது ஓமனா முன்னாலேயே வந்து வாளியையும் குடத்தையும் வழியிலிருந்து எடுத்து வைத்தாள். கிணற்றடியில் பாசி வழுக்காமலிருக்கச் சாம்பல் தூவியிருந்தாள். கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, "மதினி, இண்ணைக்கு மொகம் தெளிஞ்சிருக்கே" என்றாள். பகவதியம்மாள் அவள் கையைத் தொட்டாள். சிவதாணு பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஆட்டோ பிடித்து வக்கீல் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். சர்வே நம்பரையும் திசையையும் சரிசெய்த பிரதியில்தான் போட்டார். திரும்பி வந்தபோது மனைவி கண்ணை மூடிக் கிடந்தாள். ஊசி செருகிய கை போர்வைக்கு வெளியே இருந்தது. அவர் வந்ததை அறிந்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் ஓமனா வந்தாள். அவள் அந்த அறுபது காலடி நடந்து இவர்கள் வாசலுக்கு வருவது புதிதல்ல. கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். இப்போது கையில் காகிதம். வாசல்படிக்குக் கீழேயே நின்றாள்.

"அஜின் போனுல வாசிச்சுச் சொன்னான். எனக்கு இதெல்லாம் மனசிலாவாது. ஒண்ணு மட்டும் கேக்கணும். இது நீங்க எழுதினதா, வக்கீல் எழுதினதா?"

பொய் சொல்ல இடம் இருந்தது. "வக்கீல் எழுதினாரு. நான் திருத்தினேன்."

"அப்போ தப்பு ஒண்ணும் இருக்காது" என்றாள் ஓமனா.

காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். ஏசியிருக்கலாம். தெருவைக் கூட்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் சிவதாணு பிள்ளை தம் பக்கத்து நியாயங்களையெல்லாம் எடுத்துச் சொல்லியிருப்பார். அவரிடம் அவை நிறைய இருந்தன.

வக்கீல் சொன்னபடியே ஆயிற்று. அஜின் அங்கிருந்தே ஒரு வக்கீலைப் பிடித்தான். "உங்கள் அப்பா அனுமதி கொடுத்ததற்கு என்ன எழுத்து இருக்கிறது?" என்று அவர் கேட்டார். எழுத்து இல்லை. வழக்குக்கு எத்தனை வருடம் ஆகும் என்பதற்கு யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. நாலு வீடு மூன்றாயிற்று. ஐந்து வாரத்தில் ஓமனாவின் பெயரிலிருந்து நாலரை அடி நடவழிக்கு ஆதாரம் தயாராயிற்று. அதை எழுதியவர் இப்போது அந்த மாடிப்படியின் அடியில் உட்காருகிறவர். படித்துப் பார்க்கச் சொல்லி மரியாதையாக நீட்டினார். சிவதாணு பிள்ளை சரியாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். படிக்கவில்லை. அவர் படிக்காமல் சரி என்று சொன்ன ஆதாரம் அது ஒன்றுதான்.

ஓமனா மகன் கொடுத்த அதிகாரப் பத்திரத்தையும் தன் ஆதார் அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்திருந்தாள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள், கட்டைவிரல் வைத்தாள். மையைத் துடைக்கத் துணி தேடியபோது சிவதாணு பிள்ளை தம் கைக்குட்டையை நீட்டினார். அவள் சுவரில் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ பேர் துடைத்துக் கறுத்துப்போன சுவர் அது.

வெளியே பிரவின்ராஜ் உற்சாகமாக இருந்தான். "பாத்தீங்களா சாரே, கோர்ட்டுப் படி ஏறாம முடிஞ்சாச்சு. இனி பேங்க் ஒண்ணும் சொல்லாது." பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. பட்சே, அம்மைய அந்தக் கசேரையில எத்தனை நாளு தூக்குவீங்க?"

அது சரியான கேள்வி. அதற்கு இன்றுவரை அவரிடம் பதில் இல்லை. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் போவதால் செய்தது சரியாகிவிடாது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

விற்பனை முடிந்தது. பிளாட் உடமஸ்தர் சொன்ன மூன்று மாதத்துக்கு நாலு நாள் பாக்கி இருந்தது.

புறப்படுகிற நாள் காலையில் சாமான்கள் முன்னதாகப் போய்விட்டன. ராத்திரி பெய்த மழை விட்டிருந்தது. கமிஷனை வாங்கிக்கொண்ட புரோக்கர் வர வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் பிரவின்ராஜ் வந்து, இஸ்திரிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கம் ஆட்டோக்காரர்.

"சாரு வரலியா?"

"நீங்க போங்க. பூட்டிட்டு வாறேன்."

வாசலில் நின்று பார்த்தார். நாற்காலி அடுக்களைச் சுவரை ஒட்டிப் போயிற்று. ஓமனா வெளியே வரவில்லை. ஆனால் வாளியும் குடமும் வழியிலிருந்து எடுத்து வைக்கப்பட்டிருந்தன. கிணற்றடியில் சாம்பல் தூவியிருந்தது. கேட் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாதபடி அதனடியில் ஒரு கல் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது.

கதவைப் பூட்டினார். சாவியை ஆனந்தகிருஷ்ணன் சொன்னபடி மின்சார மீட்டர் பெட்டிக்குள் வைத்தார். நடவழியின் தொடக்கத்துக்கு வந்து, ஒரு காலை எடுத்து வைக்கப் போனவர் நின்றார். இப்போது அது எழுதப்பட்ட வழி. இந்த வீட்டுக்கு வருகிற எவரும் நடக்கலாம்; சற்குணம் நடக்கச் சொன்ன வழி அது இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்.

தோட்டு வரம்பு பாதிக்கு மேல் கரைந்து போயிருந்தது. சேம்பும் புல்லும் இடுப்புவரை வளர்ந்திருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு, கால்விரலால் தடவித் தடவி நடந்தார். ஓரிடத்தில் வரம்பே இல்லை. தண்ணீரில் இறங்கி, முழங்கால் வரை சேற்றில் நின்று, எதிர்ப்பக்கம் ஏற ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தார். தென்னை வேர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து ஏறினார். ஏறும்போது ஒரு செருப்பு தோட்டில் போயிற்று. பக்கத்துச் சந்தில் வெளிப்பட்டு, அதைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஆட்டோக்காரர் அவர் காலைப் பார்த்துவிட்டு வண்டியின் தரையைப் பார்த்தார். பகவதியம்மாள் மருந்துப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவருக்கு இடம் விட்டாள்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள். "முப்பத்திமூணு வருசத்துல அந்த வரம்புல எப்பவாவது நடந்திருக்கீங்களா?"

"இல்ல. இன்னைக்குத்தான்."

அவள் புடவை முந்தானையின் ஓரத்தை எடுத்து அவர் முழங்கையிலிருந்த சேற்றைத் துடைத்தாள். அது காய்ந்துபோயிருந்தது. லேசில் போகவில்லை.